மாதிரி வீடு எண் பதினான்கு

புதுவயலில் இறங்கும்போதே
அவிந்த நெல்லின் வாசம் துணியில் ஏறிக்கொள்ளும்.
ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள்.
உமிச் சாம்பல்
கொடியில் காயும் பாவாடை மேலும்
என் டேப்லெட் திரை மேலும்
ஒன்றுபோலத்தான் விழுகிறது.

குலுக்கலில் விழுந்த பதினான்காவது வீடு
ஆலைச் சுவரை ஒட்டிய ஓட்டு வரிசையில் கடைசி.
பஞ்சவர்ணம், முப்பத்தெட்டு,
களத்தில் நெல் கிளறும் வேலை.
மூன்றாம் வகுப்பில் மகள். ஒன்றாம் வகுப்பில் மகன்.
கணவர்?
"திருப்பூர்ல" என்றவர்
கொஞ்சம் பொறுத்து
"இருக்காகன்னு நெனைக்கிறேன்."
அதற்குக் கட்டம் கிடையாது.
உறுப்பினர்: மூவர்.

காரைக்குடிக் கல்யாண மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி.
எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும்.
தலையாட்டக் கூடாது. உச்சுக்கொட்டக் கூடாது.
மத்தியானம் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரத்தோடு இலை போட்டார்கள்.
பசியை அளக்கக் கற்றுக்கொண்டு
அறுபது பேர் ஏப்பம் விட்டோம்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில்,
பணமோ பிற வளங்களோ இல்லாததால்,
சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா?

"அரிசி இருக்குங்க. ரேஷன்ல போடுறாக."
கவலை, என்றேன்.
"அரிசி இருக்கையில என்ன கவலை?"
குறியீடு இரண்டு. இல்லை.

ஒரே வகை உணவையே திரும்பத் திரும்ப...
"ரசம்னா எங்களுக்கு உசிரு."
இரண்டு.

ஒரு வேளையை விட நேர்ந்ததா?
"சனிக்கிழமை விரதம். பெருமாளுக்கு."
பணம் இல்லாததால், என்று அழுத்தி வாசித்தேன்.
"பெருமாளுக்குங்க."

நாள் முழுக்கச் சாப்பிடாமல்?
"ஞாயித்துக்கிழமை இருப்பேன். சூரியனுக்கு."
மே மாதம் மாரியம்மனுக்கு.
ஐப்பசியில் அடைமழை பெய்த நாலு நாள்
கந்த சஷ்டி.
அரைப்பரீட்சை லீவுக்கு எந்தச் சாமி என்று
அவரும் ஒரு கணம் தேடினார்.
"மார்கழிதானே" என்றார்.

வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்த மகள்
கேட்காமலே எனக்கு ஒப்பித்தாள்:
திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி,
புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா,
வெள்ளிக்கிழமை கேசரியும் உண்டு, டீச்சர்
எனக்கு மட்டும் ரெண்டு கரண்டி.
அதோடு நின்றுவிட்டாள்.
"போடி, தம்பியப் பாரு" என்றார் பஞ்சவர்ணம்,
தேவைக்குமேல் உரக்க.

என் பையில் பள்ளிக்கூடக் காலண்டர் இல்லை.
தேவைப்படவும் இல்லை.

திரையில் ஒன்றுக்கும் இரண்டுக்கும்
ஒரு விரல் அகலம்தான் தூரம்.
சூப்பர்வைசர் ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டேன்.
"அவங்க வாயால வரணும்மா.
நீயா ஊகிச்சு எழுதினா அது டேட்டா இல்ல, கதை."

எட்டுக் கேள்வி. எட்டு இரண்டு.
கூட்டல் பூஜ்யம்.
உணவுப் பாதுகாப்புள்ள குடும்பம் என்று
திரை பச்சையாகிச் சொன்னது.

"நீங்க சாப்ட்டியளா?" என்றார்.
விடிகாலை தேவகோட்டையில் குடித்த டீ
வயிற்றில் புளித்துக்கொண்டிருந்தது.
"ஆச்சு" என்றேன், யோசிக்காமல்.
யாருமே யோசிப்பதில்லை இதற்கு.
"நீங்க?"
"இன்னிக்குச் சனிக்கிழமைல்ல."

கடைசியாக இருப்பிடம் பதிய வேண்டும்.
செயற்கைக்கோளுக்கு ஓடு ஆகாது, திறந்த வானம் வேண்டும்.
வெளியே களம். கண்ணெட்டும் தூரம்வரை
அவித்த நெல், வெயிலில்.
செருப்பைக் கழற்றிவிட்டும்
கால் வைக்க இடம் தேடி ஓரத்தில் தடுமாறினேன்.

"பரவால்ல, மிதிங்க" என்றார் பின்னாலிருந்து.
"நாங்க மிதிச்சுத்தான் காய வைக்கிறோம்."

மிதித்தேன். சுட்டது.
துல்லியம்: நான்கு மீட்டர்.